நியூ_டிவைஸ் "பதிந்தாச்சு" என்கிறது, டிரைவர் வரமாட்டேன் என்கிறது (ஐ2சி, ராஸ்பெரி பை 4)

கொழுந்துப்பை | கோத்தகிரி

தேயிலைக் காட்டுக்கு ஒரு வானிலைப் பெட்டி. ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி, ஐ2சி பஸ் (இரண்டு கம்பியில் பல சிப்கள் பேசும் பாதை) எண் 1. காற்றழுத்தத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பிஎம்இ280, நேரத்துக்கு டிஎஸ்3231, இலை மட்டத்தில் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் இரண்டு எஸ்எச்டி31. பைதான் நூலகம் எதுவும் வேண்டாம், கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) டிரைவர் வழியாகவே படிக்கணும்.

பஸ் 1-இன் சிஸ்எஃப்எஸ் (கர்னலோடு கோப்புகள் வழியே பேசும் இடம்) அடைவில் இருக்கிற நியூ_டிவைஸ் கோப்பில் பெயரும் முகவரியும் எழுதினேன்: பிஎம்இ280, இடைவெளி, 76. "இன்ஸ்டான்ஷியேட்டட் டிவைஸ் பிஎம்இ280" என்று கர்னல் லாகில் வருது. அடுத்த வரியிலேயே ப்ரோப் (டிரைவர் சிப்பைக் கூப்பிட்டுப் பார்க்கும் படி) தோல்வி, பிழை எண் மைனஸ் 121. பஸ்ஸில் எந்த முகவரியில் சிப் இருக்குது என்று காட்டும் ஐ2சி-டிடெக்ட் அட்டவணையில் 76 பளிச்சென்று தெரியுது. வயர் சரி, 3.3 வோல்ட் சரி. இரண்டு மாட்யூல் மாற்றியும் இதேதான். எங்கே தப்பு?

நெறியாளர்

புதியவர்களுக்கு: இந்தப் பலகையில் கட்டளையும் கோப்புப் பெயரும் தமிழ் எழுத்தில்தான் வரும். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

ஓவர்லே ராசா | குன்னூர்

லாகில் அந்த முதல் வரியை முழுசாப் படிங்க. கடைசியில் என்ன முகவரி போட்டிருக்குது?

கொழுந்துப்பை

4சி. நான் 76 தானே கொடுத்தேன்?

ஓவர்லே ராசா

அதேதான். முன்னால் பூஜ்யம்-எக்ஸ் போடாவிட்டால் கர்னல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கும். தசம 76 என்பது ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 4சி. அந்த முகவரியில் உங்க பஸ்ஸில் யாரும் கிடையாது. டிரைவர் போய்க் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை, மைனஸ் 121 கொடுத்துவிட்டது. பை-யின் ஐ2சி கன்ட்ரோலரில் "ஏக் வரவில்லை" (சிப்பின் ஒப்புதல் பதில் இல்லை) என்பதற்கு வரும் எண் அதுதான். ஐ2சி-டிடெக்ட் அட்டவணையோ ஹெக்ஸில் காட்டும், அதனால்தான் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியுது.

முதலில் டெலீட்_டிவைஸ் கோப்பில் ஹெக்ஸ் 4சி என்று எழுதி அந்தப் பொய்ச் சாதனத்தை நீக்குங்க. நீக்குவதற்கு முகவரி மட்டும் போதும், பெயர் வேண்டாம். ஒரு பஸ்ஸில் ஒரு முகவரிக்கு ஒரு சாதனம்தான். அப்புறம் பூஜ்யம்-எக்ஸ் சேர்த்து 76 எழுதுங்க.

நியூ_டிவைஸ் கம்பியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இந்த முகவரியில் இந்தப் பெயரில் ஒரு சாதனம் இருக்குது என்று நீங்க சொல்றீங்க, கர்னல் நம்பிப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுது, அவ்வளவுதான். சிப் இருக்கா, உயிரோடு இருக்கா என்று பார்ப்பது டிரைவரின் ப்ரோப் வேலை. ப்ரோப் தோற்றாலும் பதிவு அழியாது, முகவரியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். மறுபடி அதே முகவரியில் பதியப் போனால் மைனஸ் 16, அதாவது "இடம் காலி இல்லை".

தொட்டபெட்டா2637 | ஊட்டி

ராசா சொன்னதோடு ஒன்று. கோளாறு கம்பியில்தான் என்றால், சரிசெய்த பிறகு நீக்கிப் பதிய வேண்டியதில்லை. பிஎம்பி280 டிரைவரின் அடைவில் இருக்கும் பைண்ட் கோப்பில் 1-0076 என்று எழுதினால் போதும், ப்ரோப் மறுபடி ஓடும். முன்னால் இருக்கும் 1 பஸ் எண், பின்னால் நான்கு இலக்கத்தில் முகவரி. இங்கே பூஜ்யம்-எக்ஸ் கிடையாது.

சூடோ போட்டு எக்கோ செய்து அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் "அனுமதி இல்லை" என்றுதான் வரும். திருப்பும் வேலையைச் செய்வது உங்கள் ஷெல், அதற்கு ரூட் உரிமை இல்லை. எக்கோவைக் குழாய் போட்டு சூடோ டீ-க்கு அனுப்புங்கள். இதற்காகக் கோப்பின் அனுமதியைத் திறந்துவிடும் வேலை வேண்டாம். ரூட் மட்டும் எழுதலாம் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தவறான டிரைவரைத் தவறான சிப்பின் தலையில் உட்காரவைத்தால், அது ப்ரோப்பின்போதே சிப்பின் ரெஜிஸ்டர்களில் (உள் நினைவிடங்களில்) எழுதக்கூடும்.

கொழுந்துப்பை

நன்றிங்க, பிஎம்இ280 வந்துவிட்டது. ஐ2சி-டிடெக்ட்டில் 76 இருந்த இடத்தில் இப்போது யுயு என்று காட்டுது. டிரைவர் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்தானே?

இரண்டு புது சந்தேகம். ஒன்று, அழுத்தக் கோப்பைப் படித்தால் 81.4 என்று வருது. மாட்யூல் போலியா? இரண்டு, எஸ்எச்டி31 ஹெக்ஸ் 44. இந்த முறை பூஜ்யம்-எக்ஸ் மறக்கவில்லை. பதிந்தாச்சு என்று வருது, பிழை ஒன்றும் இல்லை, ஆனால் வெப்பநிலைக் கோப்பு எங்கேயும் காணோம்.

தொட்டபெட்டா2637

மாட்யூல் நன்றாகத்தான் இருக்கிறது. ஐஐஓ என்ற கர்னலின் சென்சார் பிரிவில் அழுத்தத்தின் அலகு கிலோபாஸ்கல். 81.4 என்றால் 814 ஹெக்டோபாஸ்கல். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், அங்கே அவ்வளவுதான் வரும். ஊட்டியில் 2,240 மீட்டருக்கு 77 பக்கம், கொடைக்கானலில் 78 பக்கம். 101 வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்தையும் தாண்டிக் கடலுக்குத்தான் போகணும். வானிலைச் செயலியில் பார்க்கும் 1,010, 1,013 எல்லாம் கடல்மட்டத்துக்குத் திருத்திய எண்கள். வெப்பநிலைக் கோப்பு மில்லி டிகிரி: 17350 என்றால் 17.35.

போலியா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. ரெஜிஸ்டர் ஹெக்ஸ் டி0 சிப் எண்ணைச் சொல்லும். ஹெக்ஸ் 60 என்றால் பிஎம்இ280. ஹெக்ஸ் 58 என்றால் ஈரப்பதம் இல்லாத பிஎம்பி280, அதைத்தான் பிஎம்இ என்று ஒட்டி விற்கிறார்கள். டிரைவர் பிடித்திருக்கும்போது இதைப் படிக்கக் கூடாது, முதலில் அன்பைண்ட் செய்யுங்கள்.

ஓவர்லே ராசா

எஸ்எச்டி31 கதை வேற. அங்கே தப்பு எண்ணில் இல்லை, பெயரில். நீங்க எழுதும் பெயர் சிப் மேல அச்சடித்த பெயரா இருக்கணும் என்று இல்லை, மாட்யூல் பெயரும் இல்லை. டிரைவருக்குள்ள ஒரு அடையாள அட்டவணை இருக்குது, அதில் இருக்கும் பெயரை எழுத்து பிசகாமல் எழுதணும். இந்த டிரைவரில் அது எஸ்எச்டி3எக்ஸ். எஸ்எச்டி31 என்று எழுதினால் கர்னல் மறுக்காது. அந்தப் பெயருக்கு யாராவது டிரைவர் வருவாங்களா என்று வாசலில் நிற்கும், யாரும் வரமாட்டாங்க, பிழையும் வராது. ப்ரோப் ஓடினால்தானே தோற்பதற்கு.

சோதிக்க: சாதனத்தின் அடைவுக்குள் டிரைவர் என்று ஒரு இணைப்பு இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் பெயர் பொருந்தவில்லை, அல்லது ப்ரோப் தோற்றது. இரண்டையும் பிரித்துச் சொல்வது லாக். சரியான பெயர் தெரிய, டிரைவர் விவரம் காட்டும் மாட்இன்ஃபோ கட்டளையில் ஏலியஸ் வரிகளைப் பாருங்க. ஐ2சி என்று தொடங்கி முக்காற்புள்ளிக்குப் பிறகு இருப்பதுதான் பெயர்.

அடிக்கடி சறுக்குகிற இடங்கள்: டிஎஸ்3231-க்குப் பெயர் டிஎஸ்3231 தான், ஆனால் டிரைவர் ஆர்டிசி-டிஎஸ்1307. ஏடி24சி32 ஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சிப்புக்குப் பெயர் வெறும் 24சி32. எம்சிபி9808 வெப்ப சென்சாருக்கு அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது, அது ஜேசி42 டிரைவரில் ஓடும், பெயரும் ஜேசி42.

சாலிடர் அக்கா | அரவங்காடு

தம்பி, டிஎஸ்3231 நீல நிற மாட்யூல்தானே? அதில் ஈப்ராமும் இருக்கு. கடிகாரம் ஹெக்ஸ் 68-இல், 24சி32 ஹெக்ஸ் 57-இல். அந்தப் பலகையில் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஒரு டயோடும் 200 ஓம் மின்தடையும் இருக்கும். அது சார்ஜ் ஆகிற எல்ஐஆர்2032 பேட்டரிக்கு. சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஆகக் கூடாத பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருந்து ஊதிவிடும். 3.3 வோல்ட்டே கொடுங்க, அந்த மின்தடையையும் கழற்றிவிடுங்க.

கொழுந்துப்பை

அக்கா, சிஆர்2032 தான் போட்டிருந்தேன். கழற்றிவிடுகிறேன். எஸ்எச்டி3எக்ஸ் என்று மாற்றினதும் உடனே வந்துவிட்டது.

இப்போது தேவை கூடுகிறது. இலை மட்டத்தில் இரண்டு போதாது, ஆறு வேண்டும். எஸ்எச்டி31-க்கு 44, 45 என்று இரண்டே முகவரி. மல்டிபிளக்சர் (ஒரு பஸ்ஸைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சிப்) போடச் சொல்கிறார்கள். அதையும் பயனர் தளத்திலிருந்து பதிய முடியுமா?

ஓவர்லே ராசா

முடியும். டிசிஏ9548ஏ வாங்குங்க, முகவரி ஹெக்ஸ் 70. பெயர் பிசிஏ9548 என்று எழுதுங்க. ப்ரோப் சரியாக ஓடினால் எட்டுப் புது பஸ் பிறக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கென ஒரு நியூ_டிவைஸ் இருக்கும். அதில் எஸ்எச்டி3எக்ஸ் ஹெக்ஸ் 44, 45 என்று கிளைக்கு இரண்டு பதியலாம். ஆறுக்கு மூன்று கிளை போதும்.

கவனம் வேண்டியது பஸ் எண்ணில். கிளைகளுக்கு எண் போடுவது கர்னல். எந்த எண் காலியோ அது. இன்றைக்கு 22 என்று இருப்பது அடுத்த முறை எழுப்பினால் வேறாகலாம். ஸ்கிரிப்ட்டில் எண்ணை எழுதிவைக்காதீங்க. 1-0070 அடைவுக்குள் சேனல்-0, சேனல்-1 என்று எட்டு இணைப்பு இருக்கும், அதன் வழியே போங்க. எஸ்எச்டி அளவீட்டுக் கோப்புகள் இருக்கும் எச்டபிள்யூமான் அடைவின் எண்ணும் அப்படித்தான், சாதன அடைவுக்குள் நுழைந்தே தேடுங்க.

கிளையில் ஒரு முகவரி, தாய் பஸ்ஸில் அதே முகவரி என்று இருக்கக் கூடாது. கிளையைத் திறந்தால் தாயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வாங்க. கர்னலுக்கு இது தெரியும், மைனஸ் 16 கொடுத்துத் தடுத்துவிடும். அதனால் தாய் பஸ்ஸில் இப்போது இருக்கும் எஸ்எச்டிகளை நீக்கிவிட்டுக் கிளைக்கு மாற்றுங்க. கம்பியையும்தான்.

கொடை_குறிஞ்சி | கொடைக்கானல்

சேர்த்துக்கொள்ள வேண்டியது ஐடில்_ஸ்டேட். மல்டிபிளக்சரின் பிசிஏ954எக்ஸ் டிரைவர், கடைசியாகப் பேசிய கிளையை இயல்பில் திறந்தே விட்டுவிடும். அந்தக் கிளையின் கம்பியில் ஈரம் இறங்கினால் தாய் பஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும், கடிகாரம் உட்பட. 1-0070 அடைவில் இருக்கும் ஐடில்_ஸ்டேட் கோப்பில் மைனஸ் 2 எழுதினால் ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் துண்டித்துக்கொள்ளும். மைனஸ் 1 என்றால் இருந்தபடி இருக்கட்டும். பனிமூட்டம் பெட்டிக்குள்ளேயே வருகிற ஊரில் மைனஸ் 2 தான் சரி.

மல்டிபிளக்சரை டெலீட்_டிவைஸில் நீக்கினால் கிளைகளும் அவற்றில் பதிந்த சாதனங்களும் கூடவே போய்விடும். திரும்பப் பதிந்தால் மல்டிபிளக்சர் வரும், பிள்ளைகள் வரமாட்டார்கள். அவற்றையும் பதிய வேண்டும்.

சாலிடர் அக்கா

ஆறு சென்சார் என்றால் வயர் எவ்வளவு நீளம்? அதைச் சொல்லாமல் முகவரி கணக்கு மட்டும் போட்டுப் பயனில்லை.

கொழுந்துப்பை

தூரமான கிளை 6 மீட்டர் அக்கா. நெட்வொர்க் வயர், கேட்5.

சாலிடர் அக்கா

கேட்5 ஜோடி ஒன்றுக்கு மீட்டருக்கு 50 பிகோஃபாரட் சொச்சம். 6 மீட்டருக்கு 300 பக்கம், மாட்யூல்களும் சேர்ந்தால் 350 ஆகும். ஐ2சி வரம்பு 400. விளிம்பில் நிற்கிறாய்.

எழும்பு நேரக் கணக்கு (கம்பி தாழ்விலிருந்து உயர எடுக்கும் நேரம்): 0.847 பெருக்கல் மின்தடை பெருக்கல் கொள்ளளவு. தாய் பஸ்ஸில் பை-யின் 1.8 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் மின்தடை) இருக்கிறது, ஆனால் மல்டிபிளக்சருக்கு அப்பால் அதை நம்ப முடியாது. கிளைக்கு அதன் சொந்த புல்-அப் வேண்டும். சென்சார் பலகையில் 10 கிலோ இருந்தால், கிளைக்கு இரண்டு பலகை என்று 5 கிலோ. 5,000 ஓம், 350 பிகோ: சுமார் 1,480 நானோ விநாடி. 100 கிலோஹெர்ட்ஸுக்கு அனுமதி 1,000 தான். பத்து முறை படித்தால் ஒன்பது முறை வரும், ஒரு முறை மைனஸ் 121. நீ டிரைவரைத் திட்டுவாய். கிளைக்கு 2.2 கிலோ ஒன்று கூடுதலாகப் போடு, 5 கிலோவோடு சேர்ந்து 1.5 ஆகும், நேரம் 450-க்கு இறங்கும். 1 கிலோவுக்குக் கீழே போகாதே, சிப் 3 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும்.

தரவுக் கம்பியையும் கடிகாரக் கம்பியையும் ஒரே முறுக்கு ஜோடியில் விடாதே. ஒன்றின் துடிப்பு மற்றதில் ஏறும். தரவுக்கு ஒரு ஜோடி, கூட முறுக்கியது கிரவுண்ட். கடிகாரத்துக்கு இன்னொரு ஜோடி, அதற்கும் கிரவுண்ட். மூன்றாவது ஜோடியில் 3.3 வோல்ட். வேகத்தை கான்ஃபிக் கோப்பில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கு, நிமிடத்துக்கு ஒரு தடவை படிக்கிறவனுக்கு அது தாராளம். 6 மீட்டருக்கு மேல் போக ஆசை வந்தால் பிசிஏ9615 மாதிரி டிஃபரன்ஷியல் பஃபர் போடு, சித்திரை வைகாசி இடியும் நினைவிருக்கட்டும்.

கொடை_குறிஞ்சி

எஸ்எச்டி31-க்குள் ஒரு சூடாக்கி உண்டு, டிரைவர் அதை ஹீட்டர்_எனேபிள் கோப்பாகக் கொடுக்கிறது. மூட்டத்தில் சென்சார் மேல் நீர் படிந்து மணிக்கணக்கில் 100 விழுக்காட்டிலேயே நிற்கும்போது, 1 எழுதிச் சில நிமிடம் காயவைத்து 0 எழுதலாம். அந்த நேரத்து அளவீட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். கொப்புள நோய்க்கு இலை ஈரம் கணிக்கத்தான் இது என்றால், 100-இல் எவ்வளவு நேரம் நின்றது என்பதே உங்களுக்குத் தகவல். சும்மா சும்மா சூடாக்க வேண்டாம்.

கொழுந்துப்பை

புரிந்தது. இனி நிரந்தரமாக்கணும். மின்சாரம் போய் வந்தால் எல்லாப் பதிவும் காணாமல் போகிறது. பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி-லோக்கல் ஸ்கிரிப்ட்டில் எழுதினால் போதுமா?

ஓவர்லே ராசா

என்னைக் கேட்டால் நியூ_டிவைஸை இதோடு மறந்துடுங்க. அது மேசையில் வைத்துச் சோதிக்க. பெட்டியை மூடும்போது டிவைஸ் ட்ரீ ஓவர்லேக்கு (எந்தச் சிப் எங்கே என்று பூட்டின்போதே கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) போயிடணும்.

கடிகாரத்தை எடுத்துக்குங்க. நியூ_டிவைஸ் வழியே வந்தால், பூட் ஆகி ஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் நேரம் கிடைக்கும், அதுவும் நீங்க எச்டபிள்யூகிளாக் கட்டளையால் ஏற்றினால். அதுவரை எழுதிய லாகெல்லாம் பழைய நேரத்தில். இணையம் இல்லாத காட்டில் அது மணிக்கணக்கில் பிசகலாம். கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லே, டிஎஸ்3231 என்று ஒரு வரி போதும்.

ஈப்ராம் இன்னும் நல்ல உதாரணம். நியூ_டிவைஸில் பெயரும் முகவரியும் தவிர எதுவும் சொல்ல வழியில்லை. பக்க அளவு தெரியாததால் ஏடி24 டிரைவர் பத்திரமாக ஒரு பைட் என்று வைத்துக்கும். லாகில் "4096 பைட், ரைட்டபிள், 1 பைட் பெர் ரைட்" என்று தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் சிப் சுமார் 5 மில்லி விநாடி எடுத்தால், 4,096 தடவைக்கு 20 விநாடி. ஓவர்லேயில் பக்க அளவு 32 என்று கொடுத்தால் 128 தடவை, ஒரு விநாடிக்குள் முடிஞ்சது. இன்டரப்ட் கம்பி, ரீசெட் கம்பி இருக்கிற சிப்புக்கும் இதே கதி: நியூ_டிவைஸில் சொல்லவே முடியாது.

தொட்டபெட்டா2637

ராசா, கடிகாரத்துக்கும் ஈப்ராமுக்கும் ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் இல்லை. பை-யில் நேரடியாகக் கட்டிய பஸ்ஸுக்கு ஓவர்லே சரி. யுஎஸ்பி-யிலிருந்து ஐ2சி தரும் அடாப்டரை டிவைஸ் ட்ரீயில் எப்படி எழுதுவது? கழற்றி மாட்டினால் பஸ் போகிறது, புது எண்ணில் வருகிறது. அங்கே நியூ_டிவைஸ்தான் வழி, ஆனால் ஆர்சி-லோக்கலில் இல்லை, யூடெவ் (சாதனம் வருவதைக் கவனித்து வேலை செய்யும் சேவை) விதியில். செயல் ஆட், சப்சிஸ்டம் ஐ2சி, பெயர் என்கிற பண்பு அடாப்டரின் பெயர். பொருந்தினால் நியூ_டிவைஸ் பண்புக்கு "எஸ்எச்டி3எக்ஸ்", இடைவெளி, ஹெக்ஸ் 44 என்று மதிப்புக் கொடு. யூடெவ் சிஸ்எஃப்எஸ் பண்பில் நேராக எழுதும், ஷெல்லே தேவையில்லை. சப்சிஸ்டத்தை ஐ2சி-டெவ் என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு வகுப்பு, ஐ2சி-டெவ் மாட்யூல் ஏறினால்தான் வரும்.

ஆர்சி-லோக்கல் வேண்டாம் என்பதற்குக் காரணம் வரிசை. ஸ்கிரிப்ட் ஓடும்போது பஸ் பிறந்திருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஸ்லீப் 10 போட்டு ஓட்டுவார்கள், ஒரு குளிர்காலக் காலையில் 11 விநாடி ஆகும்.

ஓவர்லே ராசா

யுஎஸ்பிக்கு ஒத்துக்கிறேன். இவருடையது பை-யில் நேரடி பஸ்தானே? மல்டிபிளக்சரோடு ஆறு சென்சாரையும் ஒரே ஓவர்லேயில் எழுதினால் கிளை எண் தலைவலியே இல்லை.

தொட்டபெட்டா2637

ஆறும் எப்போதும் மாட்டியிருந்தால் சரி. கவாத்து நேரத்தில் இரண்டைக் கழற்றி வேறு பாத்திக்கு மாற்றுகிறவருக்கு, ஓடும்போதே நீக்கிச் சேர்க்க முடிவது பெரிய சௌகரியம். ஓவர்லேயில் வந்ததை டெலீட்_டிவைஸ் நீக்காது, அது நியூ_டிவைஸில் வந்ததை மட்டும்தான் நீக்கும். மல்டிபிளக்சர் ஓவர்லேயில், சென்சார்கள் நியூ_டிவைஸில் என்று வைத்தால் என்ன குறை?

ஓவர்லே ராசா

குறை ஒன்றுமில்லை. அப்படியே செய்யட்டும்.

கொழுந்துப்பை

அப்படியே செய்கிறேன். பழைய பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று இன்னும் பின்னால் ஓடுது, அது பிஎம்இ280-ஐ நேராகப் படிக்கும். பிழை எதுவும் காட்டவில்லை. இருக்கட்டுமா?

தொட்டபெட்டா2637

நிறுத்துங்கள். எஸ்எம்பஸ் வழியாக முகவரியைக் கேட்டிருந்தால் "சாதனம் வேலையாக இருக்கிறது" என்று கர்னல் தடுத்திருக்கும். பிழை வரவில்லை என்றால் அந்த நூலகம் பெரும்பாலும் ஆர்டிடபிள்யூஆர் ஐஆக்டிஎல் என்ற நேரடி அழைப்பு வழியில் போகிறது. அந்த வழியில் டிரைவர் பிடித்திருக்கிறதா என்ற சோதனையே கிடையாது. இரண்டு பேரும் ஒரே சிப்பின் அமைப்பு ரெஜிஸ்டர்களை மாற்றி மாற்றி எழுதுவார்கள். பிழை வராது, எண் தப்பாக வரும்.

சாலிடர் அக்கா

மின்சாரம் கண்சிமிட்டும் ஊர் என்பதால் இதையும் கேள். பை நிமிர்ந்து நிற்க, சென்சாரின் 3.3 வோல்ட் மட்டும் ஒரு நொடி விழுந்தால், பிஎம்இ280 தூக்க நிலைக்குப் போய்விடும். டிரைவருக்கு அது தெரியாது. படித்தால் "டெம்பரேச்சர் ஸ்கிப்ட்" என்று லாகில் வரும். அன்பைண்ட், பைண்ட் செய்தால் அமைப்பு திரும்ப ஏறும். நேர்மாறாக, பை மட்டும் ரீசெட் ஆகி சென்சார் பாதி பைட்டில் நின்றால், அது தரவுக் கம்பியைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ளும், பஸ் முழுக்க ஊமை. ரீபூட் உதவாது. சென்சார்களுக்கான 3.3 வோல்ட்டை ஒரு மாஸ்ஃபெட் (மின் சுவிட்ச்) வழியாகக் கொடுத்து, பை-யின் ஜிபிஐஓ முனையால் அணைத்துப் போட வழி வைத்துக்கொள்.

கொழுந்துப்பை

மாஸ்ஃபெட் போடுகிறேன் அக்கா. கடைசியாக ஒன்று: மண் வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 இருக்கு, அது 1-வயர் (ஒரே தரவுக் கம்பியில் ஓடும் பஸ்). அந்தப் பஸ்ஸிலும் இப்படிக் கையால் பதிய முடியுமா?

கொடை_குறிஞ்சி

முடியும். டபிள்யூ1_பஸ்_மாஸ்டர்1 அடைவில் டபிள்யூ1_மாஸ்டர்_ஆட் என்ற கோப்பு. அதில் 28, ஒரு கோடு, சிப்பின் 12 இலக்க ஹெக்ஸ் எண் என்று எழுதணும். நீக்க டபிள்யூ1_மாஸ்டர்_ரிமூவ். அங்கே கர்னல் தானாகவும் தேடிக்கொண்டிருக்கும், நீள வயரில் தேடல் சில முறை தவறினால் சாதனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். சென்சார்கள் மாறாதென்றால் டபிள்யூ1_மாஸ்டர்_செர்ச்சில் 0 எழுதித் தேடலை நிறுத்திவிட்டுக் கையால் பதியுங்கள். மண் 85 டிகிரி என்று காட்டினால் அது அளவீடே இல்லை. மின்சாரம் வந்ததும் சிப் வைத்திருக்கும் தொடக்க எண். 4.7 கிலோ புல்-அப்பையும் மூன்றாவது கம்பியையும் பாருங்கள்.